வயது வந்தது குற்றமா?

(தாம்பரத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில், வளரிளம் பெண்களுக்கான திட்டங்களை ஒருங்கிணைப்பது பற்றிச் செய்த பிரசங்கத்தின் சாரம்)



வளரிளம் பெண்களுக்கான அபிவிருத்தித் திட்டங்களை ஒருங்கிணைப்பது எப்படி என்பதைப் பற்றி நான் பேசுவேன் என்று நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நான் காலேஜ் வாசல்படி ஏறினவனல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அச்சுக்கூடத்தில் கூலிக்கு வேலை செய்துகொண்டே, கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்லுவதில் படிப்பாளிகளின் மினுக்கு இருக்காது. நான் கண்ணால் பார்த்ததையும், நாங்கள் சிலர் சேர்ந்து செய்ததையும், அதில் தப்பிப் போனதையும் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். படாததை இந்த மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வளரிளம் பெண் என்பவள் யார்? சர்க்கார் காகிதத்தில் 10 வயது முதல் 19 வயது வரையில் உள்ளவள். நம் வீட்டுப் பேச்சில் அவளுக்கு “வயசுக்கு வந்த பொண்ணு” என்று பெயர். இந்த இரண்டு பெயர்களிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. சர்க்கார் காகிதம் அவள் வளருகிறாள் என்கின்றது. நாமோ அவள் வயதுக்கு வந்துவிட்டாள், இனிமேல் வளரவேண்டியதில்லை என்கிறோம். அவள் ஆணாயிருந்தால் அந்த வயதில்தான் அவனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்து ஊரைச் சுற்றிவா என்று அனுப்புகிறோம். பெண்ணானால் அந்த வயதில்தான் ஜன்னலைச் சாத்துகிறோம்.

திட்டங்களுக்குப் பஞ்சமா?

தோழர்களே! இந்தப் பெண்களுக்காக ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். நம் ராஜ்யத்தில் 1982-ல் பள்ளிக்கூடத்துச் சத்துணவு விரிவாக வந்தது. 2001-ல் மேல்வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2010-ல் 11 வயது முதல் 18 வயது வரையுள்ள பெண்களுக்கென்று ‘சப்ளா’ என்ற திட்டத்தை மத்திய சர்க்கார் கொண்டுவந்து, அதை அங்கன்வாடிகளின் கையில் ஒப்புவித்தது. 2011-ல் கிராமத்துப் பெண்களுக்கு மாதவிடாய்த் துணி இலவசமாகக் கொடுப்பதற்குப் ‘புதுயுகம்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கு மறு வருஷம் முதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு இரும்புச் சத்து மாத்திரையும், வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரையும் கொடுக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் வந்தது. கல்யாண வயது வராத பெண்ணைக் கட்டிக் கொடுப்பதைத் தடுக்க 2006-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. ஆபத்தென்றால் கூப்பிட 1098 என்ற டெலிபோன் இருக்கின்றது.

இவ்வளவும் இருந்தும் நடந்திருப்பதென்ன? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கைப் பார்த்தால், இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. எல்லாவற்றிலும் முன்னே நிற்கிறோம் என்று மார் தட்டும் நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அதே கதி. அதே கணக்கில், 20 முதல் 24 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் எட்டுப் பேருக்கு ஒருத்தி வீதம் 18 வயது ஆகுமுன்பே தாலி ஏறினவர்களாயிருக்கிறார்கள். மாத்திரை இருக்கின்றது, இரத்தம் இல்லை. சட்டம் இருக்கின்றது; கல்யாணமும் நடக்கின்றது. இது எப்படி என்பதுதான் கேள்வி.

காரணம் இரண்டு. ஒன்று நம் வீட்டுக்குள் இருக்கின்றது. மற்றொன்று வீட்டுக்கு வெளியில் இருக்கின்றது. வீட்டுக்குள் இருப்பதை முதலில் சொல்லுகிறேன்.

மஞ்சள் நீரும் தீட்டும்

திட்டங்களெல்லாம் எந்த வயதில் அந்தப் பெண்ணைத் தேடி வருகின்றனவோ, சரியாக அந்த வயதில்தான் நாம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார வைக்கிறோம். ஒரு வீட்டில் ஒன்பது நாள், ஒரு வீட்டில் பதினொரு நாள், இன்னொரு வீட்டில் நல்ல நாள் அகப்படும் வரையில். தனித் தட்டு, தனிப் பாய், பக்கத்தில் இரும்புத் துண்டும் வேப்பிலையும். அப்புறம் மாமன் சீர், மண்டபம், ஒலிபெருக்கி. இப்போது அதற்கும் மேலே போய், தெருமுனையில் அந்தக் குழந்தையின் படத்தை இரண்டு ஆள் உயரத்துக்குத் தட்டியில் வைக்கிறோம். அந்தத் தட்டிக்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தீர்களா? “இந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெறுவதற்குத் தயாராகிவிட்டாள்” என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்வதற்குப் பெயர் மங்களமாம்! அந்தத் தட்டியின் கீழே நடந்துதான் அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவளோடு படிக்கிற பையன்கள் அதைப் பார்த்து என்ன பேசுவார்கள் என்று பெற்றவர்களுக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

சமாச்சாரம் இவ்வளவுதான். பெண்ணின் கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் ஒரு மெல்லிய சுவர் தடித்து வளருகின்றது. கரு உண்டாகாவிட்டால் அந்தச் சுவர் கழிந்து இரத்தத்தோடு வெளியே போகின்றது. அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் நீங்களும் நானும், தீட்டு என்று தூர நிற்கிற புரோகிதரும் வளர்ந்தோம். அது தீட்டானால் நாமெல்லோரும் தீட்டின் பிள்ளைகளல்லவா? இதில் பூஜைக்கும் இடமில்லை, வெட்கத்துக்கும் இடமில்லை. வேண்டியது சுத்தமான துணி, தண்ணீர், கதவுள்ள கக்கூசு, வயிறு நிறையச் சோறு, கொஞ்சம் ஓய்வு. இவ்வளவுதானே ஒழிய வேறொன்றுமில்லை.

இரும்பு மாத்திரை விஷயத்திலும் இதே அறியாமைதான் குறுக்கே நிற்கின்றது. மாத்திரை தின்றால் மலம் கறுக்கும். வெறும் வயிற்றில் தின்றால் சிலருக்குக் குமட்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயமில்லை. சொல்லாமல் கொடுத்தால், ஒரு பெண் வாந்தி எடுத்த அன்றே “பிள்ளை பெறாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள்” என்று தெருவெல்லாம் புரளி கிளம்பிவிடும். அப்புறம் மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும். கணக்குப் புத்தகத்தில் மாத்திரம் அவள் தின்றதாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, உடனே தேத்தண்ணீர் குடிக்காதே, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சொல்லுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்லுவதை அந்தப் பெண்ணின் தாயார் நம்பவேண்டும். மாத்திரையை லாரியில் ஏற்றி அனுப்பலாம். நம்பிக்கையை அப்படி அனுப்ப முடியாது.

என் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்கு இரண்டு வயது இளையவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குச் சடங்கு நடந்தபோது சீர்த்தட்டுத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவன் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் புத்தகப் பை ஆணியிலேயே தொங்கிற்று. ஒருவரும் அவளைப் படிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. படி என்றும் ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கு அவள் தன் பெண்ணின் கணக்கு நோட்டைப் பார்த்துத் தானே போட்டுப் பழகுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டின் கனம் என் கையில் இருக்கின்றது.

இந்த மேடையிலிருக்கும் நம்முடைய தோழர்களுக்கும் சொல்லுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியில் பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டில் தன் பெண் வயதுக்கு வந்தால் “என்ன செய்வது, வீட்டிலே பெண்டுகள் கேட்கமாட்டேன் என்கிறார்கள்” என்று பத்திரிகை நீட்டுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். மற்ற காரியங்களிலெல்லாம் பெண்டுகள் பேச்சைக் கேட்காதவர்கள் இந்த ஒரு காரியத்தில் மாத்திரம் எப்படி அவ்வளவு அடங்கிப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை!

பழைய கதையல்ல, நம் பக்கத்துக் கதை

இந்தச் சண்டை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி என்ற பெண்ணை, வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தகப்பனார் வீட்டிலேயே பாடம் சொல்லிவைத்தார். பிறகு ஆண்கள் மாத்திரம் படித்துக்கொண்டிருந்த மகாராஜா காலேஜில் எதிர்ப்புக்கிடையில் சேர்ந்து, சென்னையில் வைத்தியம் படித்து 1912-ல் டாக்டரானார். 1927-ல் சட்டசபையில் உட்கார்ந்தார். தேவதாசி வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தபோது, தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அப்படித்தான் 1930-ல் அவ்வை இல்லம் ஆரம்பமாயிற்று. அது வளர்ந்த அடையாறு நமக்குத் தூரமில்லை. ஒரு தகப்பன் வீட்டில் பாடம் சொல்லிவைத்ததால் ஒரு டாக்டர் வந்தார்; அந்த டாக்டர் கதவைத் திறந்ததால் எத்தனையோ பெண்கள் வந்தார்கள்.

மற்றொன்று, நாம் இப்போது இருக்கும் இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே நடந்தது. 1929 பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெண்களின் கல்யாண வயது 16-க்கு மேல் இருக்கவேண்டும், ஆணுக்குச் சமமாய்ப் பெண்ணுக்கும் சொத்து வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டபோது ஊர் சிரித்தது. அதே வருஷம் நிறைவேறி 1930-ல் அமலுக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1949-ல் அது 15 ஆயிற்று. 1978-ல்தான் 18 ஆயிற்று. அதாவது செங்கற்பட்டில் கேட்டதைச் சட்டம் எட்டிப்பிடித்துத் தாண்டுவதற்கு 49 வருஷம் ஆயிற்று. சொத்துரிமை நம் ராஜ்யத்தில் 1989-ல் வந்தது.

அந்த 1989-லேயே, தேவதாசி ஒழிப்புக்காக ஊர் ஊராய்ப் பேசின மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பண உதவி செய்யும் திட்டம் ஏற்பட்டது. இவ்வளவு வகுப்பாவது படித்திருக்கவேண்டும் என்று அதற்கு நிபந்தனை வைத்ததால், பெண்ணைப் படிக்க வைக்க அது ஒரு தூண்டுகோலாயிற்று. 2022-ல் அதே அம்மையார் பெயராலேயே அது புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டு, சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் மேலே படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே செலுத்துவதென்று ஏற்பாடாயிற்று. தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்கு வந்தது. இந்த மாறுதல் சாமானியமானதல்ல. ஆனால் மேற்படிப்பில் சேர்ந்தவளுக்குத்தானே அந்த ஆயிரம்! எட்டிலும் ஒன்பதிலும் நின்றுபோனவளுக்கு அது எட்டாத கொம்பு. அவளை அந்தக் கொம்பு வரையில் ஏற்றிவிடுவது யார்?

“அப்புறம் ஒருத்தரும் வரலையே”

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இதை எங்கள் தப்பிலிருந்தே சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், நம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு மாமன் மகனோடு கல்யாணம் என்று பத்திரிகை அடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு 16 முடியவில்லை. செய்தி எங்களுக்கு எட்டிற்று. நாங்கள் 1098-க்குச் சொன்னோம். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றவர்களிடம் எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. நாங்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டு, கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஒரு வருஷம் ஆயிருக்கும். ஒரு நாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் சோற்றுப் பையோடு நிற்கிறாள். துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலையாம். பள்ளிக்கூடம்? போகவில்லை. பரீட்சை? எழுதவில்லை. கல்யாணம் நின்ற வெட்கத்தில் பெற்றவர்கள் அவளை வெளியில் அனுப்பாமல் இருந்தார்கள். அதற்குள் பரீட்சை போய்விட்டது. 18 முடிந்த மறு வாரமே அதே மாப்பிள்ளைக்கு என்று பேச்சும் முடிந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை: “கல்யாணத்தை நிறுத்தினீங்கண்ணா. அப்புறம் ஒருத்தரும் வரலையே.”

தோழர்களே! நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், கல்லெறியும் பட்டிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையைப்போல் என்னை ஒன்றும் அடித்ததில்லை. பிறகு விசாரித்தோம். பள்ளிக்கூடம், அவளைச் சமூகநல அலுவலகம் கவனித்துக்கொள்ளும் என்று நினைத்தது. அலுவலகம், பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தது. நர்சம்மாவுக்குச் சங்கதியே தெரியாது. அங்கன்வாடி டீச்சருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவரை ஒருவரும் கேட்கவில்லை. நாங்களோ எல்லோரும் பார்த்துக்கொள்ளுகிறார்கள் என்று நினைத்தோம். ஆக, ஐந்து பேர் கவனிக்கிறார்கள் என்று ஐந்து பேரும் நம்பியதில் அந்தப் பெண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒருங்கிணைப்பு என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்: அப்புறம் யார் போவது என்பதை முன்னதாகவே தீர்மானித்து வைப்பது. கல்யாணத்தை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அந்தப் பெண்ணை நிற்க வைப்பது ஐந்து வருஷ வேலை. ஒரு நாள் வேலைக்குப் பத்திரிகையில் படம் வரும். ஐந்து வருஷ வேலைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

இது முடியாத காரியமா? 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி என்று ஆக்கினார்களே! வரி வாங்குவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் பத்து ஊரை ஒன்று சேர்க்க முடியுமானால், ஒரு பெண் குழந்தைக்காக ஐந்து ஆபீசு ஒரு மேஜையில் உட்கார முடியாதா?

நாங்கள் செய்து பார்த்தது

அந்த ஸ்டேஷன் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம். பெண்ணுக்கு ஒரு பக்கம். அதில் அவள் எந்த வகுப்பு, வீட்டில் யார் யார், யார் பேச்சை வீட்டில் கேட்பார்கள், அவள் சிநேகிதி யார் என்பவை மாத்திரம். அந்த நோட்டு ஊருக்குக் காட்டுவதற்கல்ல, பூட்டி வைப்பதற்கு. வகுப்பு வாத்தியாரம்மா, நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், அந்தத் தெருவிலேயே ஒரு தாயார், எங்களில் ஒருவர் ஆக ஐந்து பேர் மாதம் ஒரு தரம் உட்காருவது. பெண் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையென்றால் நாலாம் நாள் யார் போவது என்பது அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கும். போகிறவர் பெண் பிள்ளையாயிருந்தால் நலம்.

எந்தக் காலத்தில் கண்ணை அகல விழித்திருக்கவேண்டும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. ஒன்று, சடங்கு நடந்த மாதம். இரண்டு, எட்டாவது முடித்து வேறு பள்ளிக்கூடம் மாறும் சமயம். மூன்று, பத்தாவது பரீட்சைக்கும் முடிவு வருவதற்கும் நடுவிலுள்ள கோடைக்காலம். அந்த மாதங்களில்தான் தரகர் வருவார். மாப்பிள்ளை காட்டுகிற தரகர் ஒருவர். மில்லுக்கு ஆள் பிடிக்கிற தரகர் இன்னொருவர். கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒரு பெயர் வைத்து, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை கொடுப்பதாக ஏழைப் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்களே, அது இந்த வழியாகத்தான். சுமங்கலி என்ற ஒரு வார்த்தையைக் காட்டிப் பெண்ணின் மூன்று வருஷத்தை வாங்கினார்கள் என்றால், கல்யாண மோகம் நம்மை எவ்வளவு தூரம் குருடாக்கியிருக்கின்றது என்று பாருங்கள்.

நாலாவது, வீடு மாறும் காலம். இது நம் தென்சென்னைப் பக்கத்துக்கென்றே ஏற்பட்ட கஷ்டம். பட்டணத்தில் ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும், செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் அடுக்கு வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். வீடு கிடைத்தது, பள்ளிக்கூடம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பையன் பஸ் ஏறிப் போனான். பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று நிறுத்தினார்கள். ஆனால் அதே கண்ணகி நகரில் கபடி ஆடி வளர்ந்த ஒரு பெண், 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் ஜெயித்த இந்தியப் பெண்கள் அணியில் இருந்தாளே! அவள் காலில் பலம் புதிதாக வந்ததல்ல. அந்தக் காலை மடக்கி மூலையில் உட்காரவைக்காமல் விட்டார்கள்; அவ்வளவுதான்.

எங்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. முதலில் நாங்கள் பெண்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவோம். மூடநம்பிக்கை, சாஸ்திரம், புராணம் எல்லாவற்றையும் கிழிப்போம். அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு நாள் எங்கள் கூட்டத்துத் தாயார் ஒருவர், “நீங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்களேன்” என்றார். கேட்டோம். கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். சாயங்காலம் வரும் பாதையில் விளக்கில்லை, சாராயக் கடைப் பக்கம் நடக்கப் பயம் என்றார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொடுங்கள் என்றார்கள். எங்கள் ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை! தாழ்ப்பாள் போட நாற்பது ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு பெண்கள் அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தீட்டைப் பற்றி நாங்கள் செய்த பிரசங்கங்களையெல்லாம்விட அந்தத் தாழ்ப்பாள் நன்றாய்ப் பேசிற்று.

சைக்கிள் என்றதும் புதுக்கோட்டை ஞாபகம் வருகின்றது. 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்துக் கற்கும் பெண்கள் சைக்கிளும் கற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஊர் கேலி செய்தது. ஆனால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல் உடைக்கிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்களும், சைக்கிளில் ஏறினார்கள். எழுத்தும் சக்கரமும் சேர்ந்ததால் இரண்டும் நின்றது. ஒன்றோடொன்றைச் சேர்ப்பது என்பது இதுதான்.

ஆட்சேபணைக்காரர்களுக்கு

“பெண்ணை இப்படி வெளியில் விட்டால் எவனோடாவது ஓடிவிடமாட்டாளா?” என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: வாய் திறந்து சொல்ல வீட்டில் இடமிருந்தால் ஏன் ஓடுகிறாள்? உங்கள் பயம் பெண்ணுக்காகவா, ஜாதிக்காகவா? ஜாதிக்காகவென்றால் அதைத் தைரியமாய்ச் சொல்லிவிடுங்கள். பெண்ணின் க்ஷேமம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

“படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான்” என்கிறார்கள். கிடைக்காவிட்டால் என்ன முழுகிப் போயிற்று? தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வரும் பெண்களைப் பாருங்கள். எத்தனை வீட்டு அடுப்பு அவர்கள் கையால் எரிகின்றது! அவர்கள் இன்னும் நாலு வருஷம் படித்திருந்தால் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் வருத்தமே ஒழிய வேறல்ல.

“எல்லாம் சர்க்கார் செய்யட்டும்” என்கிறார்கள். சர்க்கார் மாத்திரை கொடுக்கும், ரூபாய் கொடுக்கும், சட்டம் கொடுக்கும். நாலாம் நாள் உங்கள் தெருவில் வந்து கதவைத் தட்டுவது எந்தச் சட்டத்தாலும் ஆகாது. அது பக்கத்து வீட்டுக்காரன் வேலை.

ஆகவே தோழர்களே! நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது கொஞ்சந்தான். உங்கள் வீட்டில் சடங்குக்கென்று வைத்திருக்கிற பணத்தை அந்தப் பெண் பேரில் பேங்கியில் போடுங்கள். தட்டி வைக்காதீர்கள். வைக்கிற வீட்டு விருந்துக்கும் போகாதீர்கள். சாப்பாட்டில் பெண்ணுக்குக் கடைசிப் பந்தி என்ற வழக்கத்தை இன்று இரவே நிறுத்துங்கள். உங்கள் தெருவில் பள்ளிக்கூடம் நின்ற பெண் யார் என்று விசாரியுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பெண்ணுக்கு, “அப்புறம்” போகிற ஆளாயிருங்கள்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் தோழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு மாலை போடக் கொண்டுவந்தவர்கள் மாலையை வைத்துவிட்டு, அதில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனால், நான் பேசினதற்கு அதுவே போதுமென்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.